கறுப்புக்குப் பக்கத்தில் கறுப்பு

ஜம்பர் வீடு எது என்று கேட்டால் அந்தக் கடைத்தெருவில் சின்னக் குழந்தைகூடக் கை காட்டும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பெரியவர்களே கொஞ்சம் யோசிப்பார்கள்.

கம்ப்யூட்டரின் மதர்போர்டில் அங்கங்கே ஊசி ஊசியாகப் பின்கள் நிற்கும் அல்லவா, அதில் இரண்டு பின்களைச் சேர்த்துத் தொப்பி மாதிரி மாட்டுகிற சின்னஞ்சிறு துண்டுக்குத்தான் ஜம்பர் என்று பெயர். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது. கைதவறிக் கீழே விழுந்தால் அவ்வளவுதான், தரையெல்லாம் தவழ வேண்டும். அந்தக் காலத்தில் இது ஒன்று இடம் மாறியிருந்தால்கூடக் கம்ப்யூட்டர் பேந்தப் பேந்த விழிக்கும். அதனால் அந்த வீட்டுக்காரர் எப்போதும் சட்டைப் பையில் ஒரு தீப்பெட்டி நிறைய ஜம்பர்களை வைத்திருப்பார். நடந்து வந்தால் கலகலவென்று சத்தம் கேட்கும், அந்தப் பெயரும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. சிகரெட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காத பையன் தீப்பெட்டியும் கையுமாக அலைகிறானே என்று அவருடைய அக்கா ரொம்ப நாள் சந்தேகப்பட்டு, கடைசியில் பையைச் சோதனை போட்டுவிட்டு அசடு வழிந்தாள்.

அவர் வேலைக்குச் சேர்ந்த கம்ப்யூட்டர் கடை ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்தது. மரப்படி. மூன்றாவது படியோ நான்காவது படியோ, ஏதோ ஒன்று ஆடும். பழகியவர்கள் அதைத் தாண்டிக் கால் வைப்பார்கள், பழகாதவர்கள் ஆடிக்கொண்டே வந்து சேருவார்கள். கீழே இருந்து புதுத் தோல் வாடை ஏறி வரும். மேலே புது போர்டுகளை உறையிலிருந்து உருவும்போது இன்னொரு வாடை வரும். பிளாஸ்டிக்கும் இல்லை, வார்னிஷும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. இன்றைக்கும் எங்கேயாவது புதுச் செருப்பு வாடை அடித்தால் அவருக்குக் கை துறுதுறுக்கும், ஸ்குரூ டிரைவரைத் தேடும்.

அங்கே வந்து சேர்ந்ததே ஒரு சுற்று வழியில்தான். அவருடைய அப்பா வயர்மேன். வீடு வீடாகப் போய் மின்சார ஒயரிங் செய்கிறவர். அதிகம் பேசமாட்டார். பள்ளிக்கூடம் முடிந்த விடுமுறையில் மகனைக் கூட அழைத்துக்கொண்டு போனார். ஒரு வீட்டில் அப்பா ஏணிமேல் நின்றுகொண்டு சிவப்பு ஒயரை எடு என்று கையை நீட்டினார். மகன் எடுத்துக் கொடுத்தான். அப்பா அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடியும் சிவப்பைக் கேட்டார். மகன் மறுபடியும் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். அப்பா ஏணியிலிருந்து இறங்கி வந்து மகனையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, நீ வீட்டுக்குப் போ என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. மறுநாள் காலையில் அப்பா, பெரியப்பாவின் மகனை அழைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். இவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். நம்மை எதற்கும் லாயக்கில்லாதவன் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார் என்ற எண்ணம் அன்றைக்கு மனதில் விழுந்தது, பிறகு எழுந்திருக்கவே இல்லை.

காரணம் என்ன என்பது அவருக்கே அப்புறம்தான் விளங்கியது. ரயிலில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போனபோது, டாக்டர் ஒரு புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். பக்கம் முழுக்கப் புள்ளிகள். இதில் என்ன எண் தெரிகிறது என்றார் டாக்டர். புள்ளிதான் தெரிகிறது, எண் எங்கே இருக்கிறது என்றார் இவர். அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம், எல்லாம் அதே கதை. டாக்டர் புத்தகத்தை மூடிவிட்டார். சிவப்பு அவர் கண்ணுக்குச் சிவப்பாகவே வருவதில்லை, கறுத்துப்போய்த்தான் வருகிறது. பச்சையும் பழுப்பும் ஆரஞ்சும் ஒன்றோடொன்று குழம்புகின்றன. நீலம், மஞ்சள், வெள்ளை மட்டும் ஒழுங்கு. இது நோய் இல்லை, மருந்தும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, உயரம் போதவில்லையாம் என்று சொன்னார். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. அக்காதான், இனிமேல் எங்கே வளரப்போகிறாய் என்று கேலி செய்தாள்.

இப்படிப்பட்டவர் ஒயரோடு மல்லுக்கட்டும் வேலைக்கே போய்ச் சேர்ந்தது விந்தைதான். ஆனால் மாடிக் கடையில் முதல்முதலாக ஒரு மதர்போர்டைக் கையில் வாங்கிப் பார்த்தபோது அவருக்கு ஒரு நிம்மதி உண்டாயிற்று. அதில் இருந்தவை எல்லாம் வடிவங்கள். ரேமுக்கு ஒரு பக்கம் வெட்டு இருக்கும். திருப்பிப் போட்டால் இறங்காது. கீபோர்டை மாட்டும் வட்டமான துளையில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். அது பொருந்தினால்தான் உள்ளே போகும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வரும் பட்டையான சாம்பல் நிறக் கேபிளில் ஓர் ஓரத்தில் சிவப்புக் கோடு உண்டு, அந்தப் பக்கம்தான் முதல் பின் என்று முதலாளி சொல்லிக் கொடுத்தார். இவருக்கு அந்தக் கோடு நிச்சயமாகத் தெரிவதில்லை. ஆனால் கேபிள் முனையில் இருக்கும் பிளாஸ்டிக்கில் முதல் பின்னுக்கு நேராக ஒரு குட்டி முக்கோணம் அச்சாகியிருப்பதை நகத்தால் தடவிக் கண்டுபிடித்துவிட்டார். பிறகு கோடு எதற்கு? மற்றவர்கள் பெட்டியோடு தூக்கிப் போடும் விளக்கப் புத்தகத்தை இவர் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோய், கதைப்புத்தகம் படிப்பதுபோல் படித்தார். எந்தப் பின் எந்த வரிசை என்பது தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

ஒரே ஒரு இடம்தான் சங்கடம். அந்தக் காலத்து மெஷின்களில் மதர்போர்டுக்கு மின்சாரம் கொடுக்க இரண்டு முனைகள் வரும். ஒரே அளவு, ஒரே வடிவம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்ட வேண்டும். இடம் மாற்றி மாட்டினாலும் உள்ளே போய்விடும். ஆனால் போர்டு காலி. அதற்காக எல்லோரும் மனப்பாடம் செய்து வைத்திருந்த விதி, கறுப்புக்குப் பக்கத்தில் கறுப்பு என்பது. இரண்டு முனையிலும் ஓரத்தில் இருக்கும் கறுப்பு ஒயர்கள் நடுவில் வந்து சேர வேண்டும், அவ்வளவுதான். சிவப்பும் கறுப்பாகத் தெரிகிறவருக்கு இந்த விதியால் என்ன பிரயோஜனம்? அவர் சொந்தமாக ஒரு விதி வைத்துக்கொண்டார். நீல ஒயர் உள்ள முனை மேலே, வெள்ளை ஒயர் உள்ள முனை கீழே. கடைக்கு வந்த போர்டுகளில் எல்லாம் அது சரியாகவே வந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம்.

எதிர் வரிசையில் ஒரு பெண் தட்டச்சு அறை நடத்திவந்தாள். மனுக்கள், ஆராய்ச்சிக் கட்டுரைகள், கம்பெனிக் கடிதங்கள் என்று நாள் முழுக்க அங்கே டைப்ரைட்டர் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். தெருவில் அவளை டைப்பிஸ்ட் என்றே சொல்வார்கள். நினைத்ததை நேராகச் சொல்கிறவள். கையெழுத்துப் புரியவில்லை என்றால் எழுதியவர் யாராக இருந்தாலும் திருப்பி எழுதிக்கொண்டு வரச் சொல்லிவிடுவாள். அவள் ஒருநாள் மாடியேறி வந்து கம்ப்யூட்டர் ஒன்று வேண்டும் என்றாள். அதோடு, பாகங்களைச் சேர்த்து அதைப் பூட்டும்போது தானும் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்றாள். டைப்ரைட்டரில் எந்த ஸ்பிரிங் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், இதிலும் தெரிய வேண்டாமா என்பது அவள் வாதம். முதலாளி சிரித்துக்கொண்டே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

அன்றைக்கு மழை இருட்டு. மின்சாரம் அழுது வடிந்தது. குழல்விளக்கு எரிய மறுத்து, மூலையில் ஒரு மஞ்சள் பல்புதான். ஜம்பர் அன்றைக்கு நல்ல உற்சாகத்தில் இருந்தார். அதுவரை அவரை யாரும் இது என்ன, அது என்ன என்று உட்கார்ந்து கேட்டதில்லை. ரேமைக் காட்டினார், முக்கோணத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். ஓரத்தில் நிற்கும் பின்களில் எது ரீசெட் பொத்தானுக்கு, எது ஸ்பீக்கருக்கு, எது முன்பக்கத்து விளக்குக்கு என்று சொன்னார். விளக்கின் ஒயரைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். ஒன்றும் ஆகாது, விளக்கு எரியாது, மறுபடி மாற்றிப் போட்டால் எரியும் என்றார். அப்புறம் மின்சார முனைகளைக் கையில் எடுத்து, இதில் மட்டும் ஒரு விதி உண்டு, கறுப்புக்குப் பக்கத்தில் கறுப்பு வர வேண்டும் என்று முதலாளி சொல்கிற அதே மிடுக்கோடு சொன்னார். சொல்லிவிட்டு, நீலத்தை மேலேயும் வெள்ளையைக் கீழேயும் மாட்டினார்.

அந்த போர்டு புது வரவு. அதில் அந்த இடம் தலைகீழாகத் திரும்பியிருந்தது. விளக்கப் புத்தகம் படிக்கிற மனிதர் அன்றைக்குப் படிக்கவில்லை; பேச்சு சுவாரசியத்தில் அது பெட்டியிலேயே கிடந்தது. மாட்டிவிட்டு நடுவில் குனிந்து பார்த்தார். பல்பின் வெளிச்சத்தில் கருகருவென்று இரண்டும் சேர்ந்திருப்பதாகவே அவருக்குத் தெரிந்தது. சுவிட்சைப் போட்டார்.

டப் என்று ஒரு சத்தம். போர்டின் நடுவிலிருந்து நூல் மாதிரிப் புகை எழுந்தது. முதலாளி ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார். அறை முழுக்கக் காந்தல் வாடை. பவர் சப்ளையில்தான் ஏதோ கோளாறு என்று ஜம்பர் முணுமுணுத்தார். இருக்கும் இருக்கும் என்று முதலாளியும் தலையாட்டினார். டைப்பிஸ்ட் எழுந்து, ஆடும் படியில் ஆடி, இறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் ஜம்பர் கடையைத் திறந்து பெருக்கிக்கொண்டிருந்தபோது அவள் வந்து நின்றாள். முதலாளி இன்னும் வரவில்லை. அவள் கழுத்தில் கிடந்த துப்பட்டாவின் ஓரத்தைப் பிடித்துக் காட்டினாள்.

"இது என்ன நிறம்? சொல்லுங்க."

ஜம்பர் துடைப்பத்தைப் பார்த்தார்.

"நேத்து நடுவுல இருந்தது சிவப்பும் ஆரஞ்சும். கறுப்பு ரெண்டும் ரெண்டு ஓரத்துல இருந்துச்சு. நீங்க சொன்னதுக்கு நேர் தலைகீழ். நான் பார்த்தேன். தொழில் தெரிஞ்சவர்கிட்ட நாம என்ன சொல்றதுன்னு வாயை மூடிட்டேன். அதுக்கப்புறம் வீட்டுக்குப் போய் யோசிச்சுப் பார்த்தா, கவனப் பிசகுன்னு தோணல. உங்களுக்கு அது கறுப்பாவே தெரிஞ்சிருக்கு. சரியா?"

"சரிதான்," என்றார் ஜம்பர். வாழ்க்கையில் முதல்முறையாக இன்னொருவரிடம் அதைச் சொன்னார்.

"முதலாளிகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொல்லப்போறதில்லை. ஆனா சொல்ற வரைக்கும் என் மெஷினை நீங்க தொடக்கூடாது."

முதலாளி முன்கோபக்காரர். பேனா மூடி காணாமல் போனால்கூடக் கடையையே தலைகீழாக்குவார். ஜம்பர் மூட்டை கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் போய்ச் சொன்னார். முதலாளி முழுவதையும் கேட்டார். நம்பாமல், மேசைமேல் கிடந்த பேனாக்களைக் காட்டி இது என்ன நிறம், அது என்ன நிறம் என்று பரீட்சை வைத்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "இத்தனை வருஷம் இதை வச்சுக்கிட்டா இவ்வளவு மெஷின் பூட்டின? அட மடையா, முதல் நாளே சொல்லியிருந்தா ஒயருக்கு ஒரு துண்டுச் சீட்டு ஒட்டிட்டுப் போயிருக்கலாமே," என்றார். அவ்வளவுதான். வேறு போர்டை எடுத்துக் கையில் கொடுத்தார். வேலை போகவில்லை. இத்தனை வருடம் வயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்த பயம் ஒரு வாய்ப்பேச்சில் முடிந்துவிட்டதை ஜம்பரால் ஜீரணிக்க முடியவில்லை.

டைப்பிஸ்ட்டின் மெஷினை மறுபடி பூட்டும்போது அவளே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இது கறுப்பு, அது சிவப்பு, இந்தப் பக்கம் திருப்புங்க என்று அவள் சொல்லச் சொல்ல இவர் மாட்டினார். முதல் முயற்சியிலேயே மெஷின் உயிர் பெற்றது. அதன் பிறகு அவளுடைய மெஷினில் அடிக்கடி ஏதாவது ஒன்று பழுதாகத் தொடங்கியது. விளக்கு எரியவில்லை, ஸ்பீக்கர் கரகர என்கிறது, ஃபேன் முனகுகிறது. ஜம்பரும் தீப்பெட்டியைக் குலுக்கிக்கொண்டு தெருவைக் கடந்து போனார். முதலாளிக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்த மெஷினுக்கு நோயே கிடையாது, நோய் வேறு இடத்தில் என்று செருப்புக் கடைக்காரரிடம் சொல்லிச் சிரித்தார்.

கல்யாணப் பேச்சு வந்தபோது அவள் வீட்டில் ஒரு மாமா, பையனுக்கு நிறம் தெரியாதாமே என்று இழுத்தார். எனக்குத் தெரியும், ஒரு வீட்டுக்கு ஒருத்தருக்குத் தெரிந்தால் போதாதா என்று டைப்பிஸ்ட் அந்தப் பேச்சை அதோடு முடித்துவிட்டாள்.

பிறகு வந்த வருடங்கள்தான் ஜம்பர் இன்றைக்கும் அசைபோடும் வருடங்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவர் மாடிக் கடையை விட்டு இங்கேயே வந்துவிட்டார்; தட்டச்சு அறையின் நடுவில் ஒரு மரத்தடுப்பு வைத்து, ஒரு பாதியில் அவள் டைப் அடித்தாள், மறுபாதியில் இவர் மெஷின் பூட்டினார். மின்சார முனை மாட்டும் நேரம் வந்தால், ஏம்மா என்று ஒரு குரல் கொடுப்பார். அவள் விரலை விசையிலேயே வைத்துக்கொண்டு தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்து, "உங்க சுண்டுவிரல் பக்கம் சிவப்பு, மோதிரவிரல் கறுப்பு," என்பாள். இவர் மாட்டுவார். அவள் விட்ட இடத்திலிருந்து டைப் அடிப்பாள். வந்து காத்திருப்பவர்கள் இதை ஏதோ தொழில் முறை என்று நினைத்துக்கொண்டார்கள். அப்படித்தான் எல்லாக் கடையிலும் இரண்டு பேராகச் செய்ய வேண்டும் போலிருக்கிறது என்று ஒருவர் வேறொரு கடையில் போய்ச் சொல்லி, அங்கே சண்டையே வந்ததாம். மகள் பிறந்தாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் பாதி நேரம், அந்தப் பக்கம் பாதி நேரம் என்று வளர்ந்தாள். பேச்சு வந்தபோது அம்மாவைப் பார்த்து அவளும் சிவப்பு, பச்சை என்று தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவாள். பாதி தப்பாக இருக்கும்.

அப்புறம் புது மாதிரி போர்டுகள் வந்தன. இரண்டு முனைகள் போய், எல்லாம் சேர்ந்த ஒரே ஒரு பெரிய முனை. பக்கத்தில் ஒரு கொக்கி. சரியான பக்கம் வைத்தால் கிளிக் என்று பூட்டிக்கொள்ளும், மாற்றி வைத்தால் என்ன செய்தாலும் இறங்காது. ஜம்பர் அதைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். அந்தக் கிளிக் சத்தம் அவ்வளவு பிடித்துப்போயிற்று. சந்தோஷத்தில் தடுப்புக்கு மேலே தலையை நீட்டி, "இனிமே உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேன்மா. நீ இல்லாமலே நான் பூட்டிக்குவேன்," என்றார்.

அவள் சரி என்றாள். அதற்குப் பிறகு பேச்சு குறைந்தது. சாப்பாடு வந்தது, காபி வந்தது, கேட்டதற்குப் பதில் வந்தது. கூடுதலாக ஒரு சொல் வரவில்லை. ஜம்பருக்கு என்ன தப்புச் செய்தோம் என்றே புரியவில்லை. அக்காவிடம் போய்ப் புலம்பினார். நீ என்ன சொன்னாய் என்று அக்கா கேட்டாள். சொன்னார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்து ஒரு கேபினெட்டை, மெஷினின் வெளிப்பெட்டியை, பூட்டும்போது முன்பக்கத்து விளக்கு எரியவில்லை. ஒயரைத் திருப்பிப் போட்டால் எரியும். ஜம்பருக்கு அது தெரியும்; அது அவருக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். ஜம்பர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஏம்மா, இந்த விளக்கு எரியமாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாரேன்," என்றார்.

தட்டச்சுச் சத்தம் நின்றது. பிறகு அவள் எழுந்து சுற்றிக்கொண்டு வந்தாள். இடுப்பில் கைவைத்துக்கொண்டு அந்தச் சின்ன ஒயரை ஒரு நிமிடம் பார்த்தாள்.

"பச்சையையும் வெள்ளையையும் மாத்தி வச்சிருக்கீங்க," என்றாள். "தனியா விட்டா இப்படித்தான்."

"ஆமாம்," என்றார் ஜம்பர்.

அதோடு வீடு பழையபடி ஆயிற்று. முன்பக்கத்துச் சின்ன ஒயர்களுக்கு மட்டும் இன்றுவரை கொக்கி வைக்கவில்லை, கம்பெனிக்காரர்கள் நல்லவர்கள் என்று ஜம்பர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

ஜம்பரின் அம்மா காலமான பிறகு அவருடைய அப்பா இவர்களோடு வந்து இருந்தார். ஏணி ஏறுவதை நிறுத்தி ரொம்ப நாள் ஆகியிருந்தது. விரல்களில் நடுக்கம். வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல் காலையில் மகனோடு கடைக்கு வந்து, வாசலோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். தெருவைப் பார்ப்பார். உள்ளே திரும்பி, மருமகள் நிறம் சொல்வதையும் மகன் மாட்டுவதையும் பார்ப்பார். ஒரு கேள்வி கேட்டதில்லை. ஜம்பருக்கு அவர் பார்ப்பது முதுகில் குறுகுறுக்கும். இந்த வயதிலும் ஒயரை மாற்றிக் கொடுக்கிறவனாகத்தான் நம்மைப் பார்க்கிறார் என்று தோன்றும்.

ஒருநாள் பிற்பகல் டைப்பிஸ்ட், அடித்து முடித்த கட்டுரை ஒன்றைக் கொடுத்துவிட்டு வர வெளியே போயிருந்தாள். ஜம்பர் பூட்டிக்கொண்டிருந்த கேபினெட் மட்டமான சரக்கு. முன்பக்கத்து ஒயர்களின் முனையில் எழுத்தே இல்லை. நிறத்தை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். அவள் வரட்டும் என்று ஒயர்களைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். வாடிக்கையாளர் வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

வாசலோரத்து நாற்காலி தரையில் உரசும் சத்தம் கேட்டது. அப்பா அதை இழுத்துக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். குனிந்து பார்த்தார்.

"பச்சை உன் கட்டைவிரல்கிட்ட இருக்கு. அதுக்குப் பக்கத்துல சிவப்பு. நீலம் உனக்கே தெரியும்," என்றார்.

ஜம்பர் திரும்பி அப்பாவைப் பார்த்தார். "உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

"ஏணியில நின்னு சிவப்பைக் கேட்டேன். ரெண்டு தடவையும் கறுப்பைக் கொடுத்த. சோம்பேறித்தனமாக் கொடுக்கல, நல்லாப் பார்த்துத்தான் கொடுத்த. அப்பவே புரிஞ்சுபோச்சு. உங்க அம்மாவோட அப்பாவுக்கும் இதேதான். பழம் பழுத்திருக்கான்னு அவருக்குப் பார்த்தாத் தெரியாது, ஒவ்வொண்ணா அமுக்கிப் பார்ப்பார். கடைக்காரன் திட்டுவான்."

"அப்ப ஏன் சொல்லல? நான் லாயக்கில்லாதவன்னுதான் நீங்க துரத்திட்டீங்கன்னு இத்தனை நாள் நினைச்சுக்கிட்டு இருக்கேன்."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். வெளியே தெருவைப் பார்த்தார். அவருக்கு அவ்வளவு பேசிப் பழக்கமில்லை. சொற்கள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன.

"உன்னை அந்த வேலையில விட்டிருந்தா என்னிக்காவது ஒருநாள் கரண்டுல மாட்டியிருப்ப. அந்தப் பயத்துல அனுப்பிட்டேன். சொல்லியிருக்கலாம். சொன்னா உங்க அம்மாவுக்குத் தெரியும். தன் வழியில வந்த குறைன்னு தெரிஞ்சா அவ உருகிப்போயிடுவா. அவ இருக்கிற வரைக்கும் வேண்டாம்னு இருந்தேன். அவ போனதுக்கப்புறம், நீ இதெல்லாம் மறந்திருப்பன்னு நினைச்சேன்."

ஜம்பர் ஒயர்களை அப்பா பக்கம் நீட்டினார். "சிவப்பு எதுன்னு சொன்னீங்க?" என்றார்.

அப்பா நடுங்கும் விரலால் தொட்டுக் காட்டினார். இவர் மாட்டினார். அடுத்ததைத் தொட்டார், அதையும் மாட்டினார். இருவரும் சேர்ந்து எல்லாப் பின்களையும் முடித்து, சுவிட்சைப் போட்டு, விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் டைப்பிஸ்ட் உள்ளே வந்தாள். யாரையும் எதுவும் கேட்காமல் மூன்று பேருக்கும் தேநீர் போட்டாள்.

அதன் பிறகு அப்பா இருந்த நாட்கள் அதிகமில்லை. ஆனால் அந்த நாட்களில் நாற்காலி வாசலோரத்துக்குத் திரும்பிப் போகவில்லை. தடுப்புக்கு மேலே ஒரு குரல், மேசைக்குப் பக்கத்தில் ஒரு விரல் என்று ஜம்பருக்கு இரண்டு பேர் நிறம் சொன்னார்கள். சில சமயம் அப்பா பச்சை என்பதை அவள் நீலப்பச்சை என்பாள். இருவருக்கும் வாக்குவாதம் வரும். ஜம்பர் நடுவில் ஒயரைப் பிடித்துக்கொண்டு, எதுவாக இருந்தாலும் இங்கேதானே போகும், மாட்டட்டுமா என்று காத்திருப்பார். ஊமையாகவே வாழ்ந்த அப்பா சண்டை போடுவதைக் கேட்பதற்காகவே அவர் மெதுவாக வேலை செய்த நாட்களும் உண்டு.

கடை இப்போது இல்லை. அந்தக் கட்டடத்தை இடித்து வேறு கட்டிவிட்டார்கள். மகள் வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டாள். டைப்பிஸ்ட் வீட்டிலிருந்தே புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறாள். ஜம்பர் தெரிந்தவர்கள் கொண்டுவரும் மெஷின்களை மட்டும் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்துக் கொடுக்கிறார். புது மெஷின்களில் எல்லா ஒயர்களும் கறுப்பாகவே வருகின்றன. அழகுக்காம்.

போன மாதம் ஒருவர், இறந்துபோன தன் தங்கையின் படங்கள் உள்ளே இருக்கின்றன, எப்படியாவது எடுத்துத் தாருங்கள் என்று ஒரு பழைய மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஜம்பர் பக்கத்து மூடியைக் கழற்றினார். உள்ளே பஞ்சு மாதிரித் தூசி. பால்கனிக்குக் கொண்டுபோய் ஊதித் துடைத்தபோது, சாம்பல் நிறப் பட்டைக் கேபிளும் பெரிய வெள்ளை முனையும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பழைய போர்டின் அந்த வாடைகூட லேசாக இருந்தது, அல்லது இருந்ததாக அவர் நினைத்துக்கொண்டார். படங்கள் பத்திரமாக இருந்தன. பிரதி எடுத்து வைத்துவிட்டார். வேலை முடிந்துவிட்டது.

ஆனாலும் மூடியை மாட்ட மனம் வரவில்லை. கொக்கியை அமுக்கிப் பெரிய முனையைக் கழற்றினார், அந்தக் கிளிக் சத்தத்துக்காகவே மறுபடி மாட்டினார். உள்ளேயிருந்து டைப்பிஸ்ட், சாப்பாடு ஆறுகிறது என்று குரல் கொடுத்தாள். வருகிறேன் என்றார். வெயில் பால்கனிக் கம்பிகளைத் தாண்டி உள்ளே வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.